பழைய கார் மீட்டர்களைத் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி ஓட வைப்பது: முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடும் பழைய அம்பாசிடர், பத்மினி, ஜீப் எதிலும் மீட்டர் போர்டை உற்றுப் பார்த்தால் இரண்டு கோளாறுகள் கண்ணில் படும். ஒன்று, கண்ணாடியின் உள்பக்கம் படிந்த செம்மண்ணும் கிரானைட் தூசும். இன்னொன்று, யாரோ ஈரத்துணியால் அழுத்தித் துடைத்ததில் அழிந்துபோன எண்கள். முதலாவதை ஒரு மாலைப்பொழுதில் சரிசெய்துவிடலாம். அழிந்த எழுத்து மட்டும் திரும்பி வராது.

அதனால் இங்கே சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பிடிவாதம். டயலைக் கடைசியாகத் தொடுங்கள், குறைவாகத் தொடுங்கள். மீட்டரைக் கழற்றும் முன், கெட்டிருப்பது மீட்டர்தானா என்று பாருங்கள். "செத்துப்போச்சு" என்று தூக்கிப் போடப்படும் மீட்டர்களில் பல நல்ல மீட்டர்கள். எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும், அல்லது டேங்க் மிதவை ஓட்டையாகியிருக்கும், அவ்வளவுதான்.

அம்பாசிடரின் மூலம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதன் மீட்டர்கள் பிரிட்டனின் ஸ்மித்ஸ் வழியில் வந்தவை. பத்மினி ஃபியட் 1100 வழி. அங்கே இத்தாலியின் வெக்லியா பாணி. பிற்காலத்தில் கோயம்புத்தூர் ப்ரிகால் போன்ற உள்நாட்டுத் தயாரிப்புகளும் பழைய வண்டிகளில் ஏறியிருக்கின்றன. டயலில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே நடக்கும் வேலை நாலைந்து விதம்தான். அதைப் புரிந்துகொண்டால் எந்த மீட்டரையும் திறக்கலாம்.

திறக்கவே கூடாத ஒன்று

நம் ஊரில் ரேடியம் என்றால் பைக் நம்பர் பிளேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர். அதில் ரேடியம் கிடையாது, பயமும் வேண்டாம். ஆனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ராணுவ வண்டி, விமான மீட்டர்களில் உண்மையான ரேடியம் கலந்த பெயின்ட் பூசுவது வழக்கமாக இருந்தது. எண்களும் முள்ளும் பழுப்பேறிய கிரீம் நிறத்தில், பெயின்ட் தடித்துப் பொருக்காகத் தெரியும். இப்போது இருட்டில் ஒளிராது. ஒளிரும் பொருள்தான் தேய்ந்தது, ரேடியம் தேயவில்லை. அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். சுரண்டினால் வரும் தூள் மூச்சில் போனால் உடம்பிலேயே தங்கும். சந்தேகம் இருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள். வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே வையுங்கள்.

தூசும் தண்ணீரும்

கிரானைட் தூசில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் கடினத்தன்மை 7. கண்ணாடியின் கடினத்தன்மை 5.5 அளவுதான். தூசு படிந்த கண்ணாடியைக் காய்ந்த துணியால் தேய்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் ஒன்று. முதலில் ஊதுங்கள், அப்புறம் பிரஷ், ஈரம் கடைசியில். இந்த வரிசை மாறவே கூடாது.

தண்ணீர் இன்னொரு சிக்கல். நம் இரண்டு மாவட்டத்து போர்த் தண்ணீரின் உப்பும் ஃப்ளோரைடும் ஊரறிந்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் கறுப்பு டயலைத் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும், அதை எடுக்கத் தேய்த்தால் பெயின்ட் போகும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கி வையுங்கள். முழு வேலைக்கும் போதும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் திண்ணையில் உட்கார்ந்து மீட்டரைத் திறந்தால் வெளியேற்றியதைவிட அதிகத் தூசு உள்ளே போகும். ஐப்பசி மழையில் மூடினால் ஈரக்காற்றும் சேர்ந்தே மூடப்படும். முதல் குளிர்ந்த காலையிலேயே கண்ணாடி பனிக்கும். மாசி, பங்குனியின் வறண்ட பகல், மின்விசிறி நிறுத்திய அறை, மேசைமேல் வெள்ளைத் துணி. திருகு விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

கழற்றும் முன் சோதனை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரியைப் பாருங்கள்: பாடியோடு இணைந்திருப்பது மைனஸா, பிளஸ்ஸா? பிரிட்டிஷ் வழிவந்த ஆரம்பகால வண்டிகளில் பிளஸ் எர்த் இருக்கும். பின்னால் சொல்லும் ஸ்டெபிலைசர் வேலைக்கு இது முக்கியம்.

அடுத்து சாவியைப் போட்டு பெட்ரோல் மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். சட்டென்று துள்ளி இடத்துக்குப் போனால் அது காயில் மீட்டர்: இரண்டு காயிலும் நடுவில் ஒரு இரும்புத் துண்டும். பத்துப் பதினைந்து நொடி எடுத்துச் சோம்பலாக ஏறினால் அது பைமெட்டல் மீட்டர்: உள்ளே சூடேறி வளையும் தகடு, தனியாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நடந்துகொள்ளும். இதைத் தெரியாமல் சோதித்தால் நல்ல மீட்டரையே கெட்டது என்போம்.

ஸ்மித்ஸ் வகைக் காயில் மீட்டரில் டேங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றிவிட்டால் முள் ஃபுல் காட்டும். அந்த ஒயரை பாடியில் தொட்டால் எம்ப்டி காட்டும். பைமெட்டலில் கழற்றினால் எம்ப்டி, பாடியில் தொட்டால் ஃபுல். பைமெட்டலில் இந்தத் தொடுதல் சில நொடிகளுக்கு மேல் வேண்டாம். உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி எரிந்துவிடும். அதே காரணத்தால் பைமெட்டல் மீட்டருக்கு மேசையில் வைத்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

முள் இப்படிச் சரியாக அசைந்தால் மீட்டர் நலம். கோளாறு ஒயரிலோ, டேங்கில் மிதவையோடு இருக்கும் டேங்க் யூனிட்டிலோ இருக்கிறது. டேங்க் யூனிட்டின் எர்த்தைத் தனி ஒயரால் பாடிக்கு இழுத்துப் பாருங்கள். பல நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் யூனிட்டைக் கழற்றி மிதவையைக் கையால் மேலும் கீழும் அசைத்து ஓம் அளவைப் பாருங்கள். ஸ்மித்ஸ் பைமெட்டல் வகைக்கு எம்ப்டியில் சுமார் 240 ஓம், பாதியில் 70 ஓம் அருகே, ஃபுல்லில் 20 ஓம் அருகே. காயில் வகையில் எம்ப்டியில் கிட்டத்தட்ட பூஜ்யம், ஃபுல்லில் 70, 80 ஓம் வரை. எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இடையில் அறுந்து அறுந்து வராமல் சீராக மாறுவதுதான் முக்கியம். அறுந்தால் உள்ளே தேய்க்கும் விரல் அழுக்காகியிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து ஐம்பது முறை மேலும் கீழும் ஆட்டுங்கள்.

பித்தளை மிதவையைக் காதருகே குலுக்குங்கள். சளக்கென்றால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. அதன்மேல் ஈயம் வைத்து அடைக்கப் பார்க்காதீர்கள். மிச்ச ஆவி தீப்பிடித்து வெடிக்கும். மிதவையையே மாற்றிவிடுங்கள். மூடும்போது பழைய தக்கை கேஸ்கட்டை மறுபடி போட வேண்டாம். இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு விட்டான் ரப்பரில் வெட்டிய கேஸ்கட் நிற்கும்.

பெட்ரோல் மீட்டரும் மின்சார ஹீட் மீட்டரும் சேர்ந்தே அதிகமாகவோ குறைவாகவோ காட்டினால் இரண்டு மீட்டரையும் விட்டுவிடுங்கள். கோளாறு ஸ்டெபிலைசரில். அதற்குப் பின்னால் வருவோம்.

போர்டிலிருந்து எடுப்பது

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள். ஆம்பியர் மீட்டரின் பின்னால் உள்ள போல்டுகளில் சாவி போடாதபோதும் பேட்டரி மின்சாரம் இருக்கும், அதற்குப் பல வண்டிகளில் ஃப்யூஸும் கிடையாது. ஒரு ஸ்பானர் பாடியைத் தொட்டால் ஒயரிங் முழுவதும் எரிய அதுவே போதும்.

பின்பக்கத்தை நாலு கோணத்தில் போனில் படமெடுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எண் போடுங்கள்; நிறத்தை நம்ப முடியாது, இத்தனை வருடத்தில் எத்தனையோ எலக்ட்ரீஷியன்கள் கை வைத்திருப்பார்கள். ஸ்பீடோமீட்டர் கேபிளின் ஓரம் சொரசொரப்பான நட்டைக் கையாலேயே திருகுங்கள், வரவில்லை என்றால் ரப்பர் கையுறை. பிளையர் வேண்டாம். இன்ஜினிலிருந்து செம்புக்குழாயில் நேராக ஆயில் வரும் பிரஷர் மீட்டருக்குக் கீழே பழைய துணி வையுங்கள்; மீட்டருக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் தோல் வாஷர் விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு கேபிள் துளையை டேப்பால் மூடுங்கள். திறந்து கிடக்கும் துளையில் குளவி மண்கூடு கட்ட ஒரு வாரம் போதும்.

ரிங்கைத் திறப்பது

கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரிங்கில் மூன்று விதம் உண்டு. ரிங்கின் உள்விளிம்பில் சிறு நாக்குகள் இருந்து, கேஸின் விளிம்பில் அதற்கான வெட்டுகள் இருந்தால் திருகித் திறப்பது. ரிங்கை நாக்கும் வெட்டும் நேராகும் வரை திருப்பி முன்னால் இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் பழைய ரப்பர் பசையாகியிருக்கும். ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் சூடுகாட்டி மறுபடி திருப்புங்கள். துருதான் பிடித்திருக்கிறது என்றால் மீட்டரைக் குப்புறப் பிடித்து, கேஸ் பக்கத்து இடுக்கில் குச்சி முனையால் ஒரே ஒரு சொட்டு டபிள்யூடி-40. ஸ்பிரேயாக அடித்தால் எண்ணெய் கண்ணாடிக்குள் ஓடி டயலில் நிரந்தரக் கறையாகிவிடும்.

இரண்டாவது, மடித்துவிட்ட தகட்டு நாக்குகள். முனை மழுக்கிய ஸ்க்ரூ டிரைவரால் நிமிர்த்தலாம். மூன்றாவது, சுற்றிலும் உருட்டி மடித்த ரிங். இதில் அவசரப்பட்டால் ரிங் கிழியும். ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நிமிர்த்தாதீர்கள். நாலைந்து சுற்று ஆகும். இந்தத் தகடு இரண்டு முறை மடிப்பைத் தாங்கும், மூன்றாம் முறை வெடிக்கும். ஆகவே உள்ளே செய்ய வேண்டியதை எல்லாம் ஒரே திறப்பில் முடித்துவிடுங்கள்.

குரோம் ரிங்கில் மேலோட்டமான துருப்புள்ளிகளுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும். குரோமே உரிந்து எழும்பினால் முலாம் பட்டறைதான் வழி.

டயல்

இந்த இடத்தில் நேரம் செலவழியுங்கள். கேமரா லென்ஸுக்கு ஊதும் ரப்பர் பந்தால் ஊதி, நீர்வண்ணம் தீட்டும் மென்மையான பிரஷால் நடுவிலிருந்து வெளியே தட்டிவிடுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரெசர் காற்று கூடாது. அந்த வேகத்தில் முள் வளையும், ஸ்பீடோமீட்டரின் முடிச்சுருள் (முடி போல மெல்லிய சுருள் ஸ்பிரிங்) சிக்கும். காற்றோடு வரும் ஈரமும் எண்ணெயும் வேறு.

பாதி டயல்களுக்கு இதுவே போதும். உண்மையிலேயே போதும்; பளபளக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஐம்பது வருட டயலின் மங்கல் அதன் வயதுக்கு அழகு.

அழுக்கு ஒட்டியிருந்தால் முதலில் ரிங்குக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் சோதனை. டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த காது பட்ஸை அங்கே ஒருமுறை உருட்டுங்கள். பஞ்சில் பழுப்பு வந்தால் அழுக்கு. கறுப்போ வெள்ளையோ வந்தால் பெயின்டே வருகிறது, உடனே நிறுத்துங்கள். சோதனை தேறினால் 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு. பட்ஸை நனைத்து, துணியில் ஒற்றி, எழுத்தின்மேல் தேய்க்காமல் உருட்டிக்கொண்டே போங்கள். ஒரு உருட்டலுக்கு ஒரு பட்ஸ். ஒரு டயலுக்கு முப்பது நாற்பது செலவாகும். கடைசியில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அதே உருட்டல். ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் டயல் இருக்கும் மேசைக்கே வர வேண்டாம். பெரும்பாலான டயல் எழுத்துகள் ஸ்பிரிட்டில் ஒரே இழுப்பில் போய்விடும்.

அழிந்த கோடு ஒன்றிரண்டு என்றால் 000 எண் பிரஷும் பளபளப்பில்லாத அக்ரிலிக் வெள்ளையும், பூதக்கண்ணாடிக்கு அடியில். பாதிக்கு மேல் போயிருந்தால் டயலை ஒரு அளவுகோலோடு சேர்த்து 1200 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, கணினியில் மறுபடி வரைய வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் தகட்டின்மேலேயே அடித்து வாங்குவது முதல் தேர்வு. ரேடியம் கட்டிங் கடையில் வினைல் எண்கள் வெட்டி ஒட்டுவது இரண்டாவது. சின்ன எழுத்துகள் அதில் சுத்தமாக வராது, ஸ்டிக்கரின் தடிப்பில் முள் தட்டும் ஆபத்தும் உண்டு. ஒட்டினால் முள் கழுத்துக்கும் டயலுக்கும் இடைவெளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டயலை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், கவரில் போட்டு வண்டிப் பேப்பர்களோடு வையுங்கள்.

முள்

டயலைத் தனியாக எடுக்க வேண்டுமானால்தான் முள்ளைக் கழற்ற வேண்டும். சுத்தம் செய்ய மட்டுமானால் முள்ளோடே செய்துவிடலாம், அதுவே நல்லது.

ஸ்பீடோமீட்டரில் ஒரு சூட்சுமம். முள் பூஜ்யத்தில் ஒரு சிறு ஆணியில் சாய்ந்து நிற்கும். ஆனால் முடிச்சுருள் அதை இன்னும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. கழற்றும் முன் முள்ளை மெதுவாகத் தூக்கி ஆணியைத் தாண்டவிட்டு, தானாக எங்கே போய் நிற்கிறது என்று டயல் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பில் குறியுங்கள். திரும்பப் போடும்போது அந்தக் குறியில் போட்டு, பிறகு ஆணிக்கு மேலே ஏற்றுங்கள். நேராகப் பூஜ்யத்தில் போட்டுவிட்டால் அந்த வித்தியாசம் மொத்தமும் வேகக் கணக்கில் ஏறி, வண்டி போவதைவிட அதிகம் காட்டும்.

கழற்ற இரண்டு டீ ஸ்பூன்கள். டயல்மேல் தடித்த அட்டையை நடுவில் வெட்டுப் போட்டு வையுங்கள். முள் கழுத்தின் இரண்டு பக்கமும் ஸ்பூன்களைக் கொடுத்து ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில் நெம்புங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் மெல்லிய அச்சு வளையும். வளைந்ததை நிமிர்த்த முடியாது.

நிறம் போன முள்ளைத் தெர்மாகோலில் குத்தி வைத்து, வெள்ளை ஒரு கை, அதன்மேல் ஆரஞ்சு ஒரு கை, இரண்டும் ஸ்பிரேயில் மிக மெல்லியதாக. பிரஷால் தடிமனாகப் பூசினால் முள்ளின் எடைச் சமநிலை மாறி, மேடு பள்ளத்தில் ஆட ஆரம்பிக்கும்.

ஸ்பீடோமீட்டரின் உள்ளே

கேபிள் சுற்றும்போது ஒரு காந்தம் சுற்றுகிறது. அதை மூடியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தில் சுழல்மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தை இழுக்கிறது. முடிச்சுருள் எதிர்த்து இழுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் முள் நிற்கிறது. காந்தமும் கிண்ணமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை. எண்ணெய் போனால் கிண்ணம் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டு, முள் ஒரே தாவாக 120-க்குப் போய் நிற்கும்.

எண்ணெய் வேண்டிய இடம் ஒன்றுதான்: கேபிள் நுழையும் கழுத்தில் உள்ள புஷ். பல மீட்டர்களில் அங்கே ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும். அதில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு, இரண்டாவது வேண்டாம். கிலோமீட்டர் எண்ணும் பல்சக்கரங்களில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பல்குத்தும் குச்சியால் எடுங்கள். எண் சக்கரங்களின் முகத்தில் ஆல்கஹால் பட வேண்டாம், எண் அழியும். ஓடியிருக்கும் கிலோமீட்டரைத் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் படமெடுத்து வையுங்கள். எண்ணை மாற்றி வைக்க நினைக்கவே வேண்டாம். நாளை வண்டியை வாங்குபவர் நம்புவது அந்த எண்ணைத்தான்.

முள் துடித்தால் மீட்டரைவிடக் கேபிள்மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். உள்கம்பியை உருவி, கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் எங்கோ முறுக்கு விழுந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். நன்றாக இருந்தால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மெல்லிய கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கத்துக் கடைசி ஒரு சாண் காய்ந்தே இருக்கட்டும். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி மீட்டருக்குள் கொண்டுபோகும். கேபிள் எங்கும் 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த வளைவில் மடங்கக் கூடாது.

டயலின் அடியில் 1000, 1472 போல ஒரு எண் அச்சாகியிருக்கும். ஒரு மைலுக்கோ கிலோமீட்டருக்கோ கேபிள் எத்தனை சுற்று என்பது அது. 1000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1000 சுற்றில் முள் 60 காட்ட வேண்டும். மற்ற எண்களுக்கு வேகத்தை அந்த எண்ணால் பெருக்கி 60-ஆல் வகுத்தால் தேவையான சுற்று கிடைக்கும். பேட்டரி டிரில்லில் பழைய கேபிள் துண்டைப் பிடித்து மேசையிலேயே பார்க்கலாம். சுழலும் திசை வண்டிக்கு வண்டி மாறும். முதலில் மிக மெதுவாக ஓட்டி முள் மேலே வருகிறதா என்று பார்த்த பிறகு வேகம் கூட்டுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் குறைவாகக் காட்டினால் காந்தம் பலம் இழந்திருக்கலாம். அது வீட்டு வேலை இல்லை.

ஸ்டெபிலைசர்

பைமெட்டல் மீட்டர்களுக்குச் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் சின்ன டப்பி இது. உள்ளே ஒரு தகடு சூடேறித் தொடர்பை விடும், ஆறிப் பிடிக்கும். மல்டிமீட்டரில் பூஜ்யமும் பன்னிரண்டுமாக எண் துள்ளினால் வேலை செய்கிறது. துள்ளாமல் 12-லேயே நின்றால் டப்பியின் எர்த் விட்டிருக்கிறது அல்லது உள்தொடர்பு ஒட்டிக்கொண்டது. மீட்டர்கள் அதிகம் காட்டும், விட்டுவைத்தால் எரியும்.

மாற்று எளிது: எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 7810 ஐசி. உள்ளீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டுக்கும் எர்த்துக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். முதுகுத் தகடு எர்த்தோடு இணைந்ததுதான். பழைய டப்பிக்குள்ளேயே திருகி விடுங்கள், சூடும் இறங்கும். ஒரு மீட்டர் 0.15 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், இரண்டுக்கும் தாராளமாகத் தாங்கும். பிளஸ் எர்த் வண்டியில் 7810 உதவாது. அதற்கு 7910, அதன் கால்களின் வரிசையும் முதுகுத் தகட்டின் இணைப்பும் வேறு, தகட்டைப் பாடியில் படாமல் மைக்கா வைத்துத் திருக வேண்டும்.

ஆயில் பிரஷர், ஹீட், ஆம்பியர்

ஆயில் பிரஷர் மீட்டரில் அரைவட்டமாக வளைந்த ஒரு குழாய், அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும். அந்த அசைவுதான் முள்ளைத் திருப்புகிறது. காற்றடித்துச் சுத்தம் செய்தால் அது ஒரேயடியாக விரிந்து, பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பாது. அளவு சரியா என்று பார்க்க, அழுத்தம் காட்டும் மீட்டர் பொருத்திய, காலால் மிதிக்கும் டயர் பம்பை ஒரு டி-இணைப்பில் கோத்து 20, 40, 60 பிஎஸ்ஐ-யில் ஒப்பிடுங்கள். தோல் வாஷர் காய்ந்திருந்தால் ஒரு இரவு இன்ஜின் ஆயிலில் ஊற வைத்துப் போடுங்கள். செம்புக்குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும் தன்மையுள்ளது. கழற்றியிருக்கும்போதே மங்கிய சிவப்பு வரும் வரை சூடேற்றி ஆறவிட்டால் மறுபடி இளகும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் குழாயையே ஒரு வளையமாகச் சுற்றி விடுங்கள். அந்தக் குழாய் வெடித்தால் இன்ஜின் ஆயில் காலடியில் கொட்டும், தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் யாருக்கும் அது நேரக் கூடாது.

பழைய ஹீட் மீட்டர்களில் மீட்டர், நீண்ட மெல்லிய செம்புக்குழல், முனையில் குமிழ் மூன்றும் பிரிக்க முடியாத ஒரே பொருள். உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம், பெரும்பாலும் ஈதர். குழலை வெட்டினாலோ முறித்தாலோ மீட்டர் முடிந்தது. குமிழை ரேடியேட்டர் அல்லது ஹெட்டிலிருந்து எடுக்கும்போது நட்டு மட்டும் சுற்ற வேண்டும், குழல் கூடவே சுற்றக் கூடாது. சோதனைக்கு இன்டக்‌ஷன் அடுப்பில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தின் அடியில் படாமல் குமிழைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர். கேஸ் அடுப்பு வேண்டாம், உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் திரவம். தண்ணீர் கொதித்ததும் 100 காட்டவில்லையே என்று மீட்டரைப் பழிக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில் இருக்கும் கிருஷ்ணகிரியில் தண்ணீர் 98 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். 900 மீட்டரை நெருங்கும் ஓசூரில் 97.

ஆம்பியர் மீட்டரில் உள்ளே பழுதாக எதுவும் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டர் தவிர வண்டியின் முழு மின்சாரமும் அதன் இரண்டு போல்டு வழியாகத்தான் போகிறது. தளர்ந்த நட்டு சூடேறும், சூடு ஒயரை உருக்கும். போல்டுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, உள் நட்டைப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்குங்கள். இல்லாவிட்டால் போல்டே சுற்றி உள்தகடு முறியும். பொருத்திய பிறகு இன்ஜின் நிற்கும்போது ஹெட்லைட் போட்டால் முள் மைனஸ் பக்கம் 8 ஆம்பியருக்கு மேல் போக வேண்டும். பிளஸ் பக்கம் போனால் இரண்டு ஒயரையும் மாற்றிப் போடுங்கள். டைனமோவை எடுத்துவிட்டுப் பெரிய ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில் 30 ஆம்பியர் மீட்டரைத் தொடராதீர்கள். அந்த மின்சாரத்தை அது தாங்காது. இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்துவிட்டு மீட்டரை அழகுக்கு வைத்துக்கொண்டு, தனியே ஒரு வோல்ட்மீட்டர் போடுவது பாதுகாப்பு.

கேஸ், பல்பு, மூடுதல்

இரவில் டயல் மங்கலாகத் தெரிவதற்குப் பல்பைவிடக் கேஸின் உள்சுவர்தான் காரணம். வெள்ளையாக இருந்தது பழுப்பேறியிருக்கும். பளபளப்பில்லாத வெள்ளை ஒரு கை அடித்து, வாசனை போகும்வரை இரண்டு நாள் காயவிடுங்கள். பல்பு 2.2 வாட் திருகு வகை. 5 வாட் போட்டால் சூட்டில் டயல் கொப்பளிக்கும். எல்இடி போடலாம், மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் சார்ஜ் விளக்குக்கு மட்டும் பழைய பல்பே இருக்கட்டும். அதன் வழியாகப் போகும் மின்சாரத்தில்தான் ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்கிறது.

கண்ணாடி உடைந்திருந்தால் வெர்னியரில் குழியை அளந்து, அரை மில்லிமீட்டர் குறைத்து 2 மில்லிமீட்டர் கண்ணாடியை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள். சீலுக்கு நைட்ரைல் ரப்பர் கயிறு. மீட்டருக்குள் ஃபெவிக்விக் வகைப் பசை கூடாது. அதன் ஆவி கண்ணாடியிலும் டயலிலும் வெள்ளைப் புகையாகப் படியும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகானும் கூடாது, பித்தளையை அரிக்கும். பின்பக்கத்துச் சிறு காற்றுத்துளையை அடைக்காதீர்கள். கிடைக்காத உதிரிக்குப் பெங்களூரு ஜே.சி. ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடலாம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

சாலையில்

பொருத்தி, இன்ஜினை ஓட விட்டு, ஆயில் பிரஷர் இணைப்பில் பத்து நிமிடம் கசிவு பாருங்கள். பிறகு தேசிய நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் சமதளமான, நெரிசல் இல்லாத பகுதியில் போன் ஜிபிஎஸ்ஸோடு 40, 60, 80-இல் ஒப்பிடுங்கள். போனைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வேலை. கிலோமீட்டர் எண்ணியைப் பத்து கிலோமீட்டர் கற்களுக்குச் சரிபாருங்கள். வேகமும் தூரமும் ஒரே விகிதத்தில் பிசகினால் மீட்டரில் தவறில்லை. டயர் அளவு மாறியிருக்கிறது. தூரம் சரி, வேகம் மட்டும் பிசகு என்றால் முள் போட்ட குறியை மறுபடி பாருங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு, ஆம்பியர் மீட்டர் நட்டுகள் இரண்டையும் மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.